கிட்டங்கியில் எடுத்த ரத்தம்

அக்கா,

நேற்று வடசேரிச் சந்தையில் மழைக்கு ஓர் அரிசிக் கடை வாசலில் ஒதுங்கி நின்றேன். உள்ளேயிருந்து நனைந்த சணல் சாக்கின் மணம் வந்தது. உங்கள் சேலையிலும் எப்போதும் அந்த மணம்தான். நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். நான் அப்போது வெளியூரில் இருந்தேன். செய்தி கிடைத்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

முதல் நாள் என்னைத் துரத்தாத குறைதான் நீங்கள். கோட்டாற்றில் அரிசி மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கிகளில் வேலை செய்கிறவர்களிடம் ரத்தம் எடுக்க வந்திருந்தேன். எலியின் உடம்பிலிருக்கும் தெள்ளுப்பூச்சியால் மனிதருக்குப் பரவும் ஒரு காய்ச்சல் இங்கே யார் யாருக்கு வந்து போயிருக்கிறது என்று கண்டறியும் ஆய்வு அது. காய்ச்சல் போன பிறகும் அதன் தடம் ரத்தத்தில் வெகுகாலம் இருக்கும் என்பதை மனப்பாடமாக ஒப்பித்தேன். சுமை தூக்குகிறவர்கள் கையை நீட்டினார்கள். சிந்திய அரிசியைக் கூட்டிக்கொண்டிருந்த நீங்கள் மட்டும் நிமிரவே இல்லை.

"எனக்க மவளுக்கு எத்தனை மட்டம் ரத்தம் எடுத்தாவ தெரியுமா? என்ன தீனம்னு ஒருத்தரும் சொல்லலே. பிள்ளை போயிட்டா. இப்போ எனக்க ரத்தமும் வேணுமோ?"

பெட்டியை மூடி வைத்துவிட்டு அங்கேயே ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மகளுக்கு வயது பதினேழு என்றும், பத்து நாள் காய்ச்சலும் மண்டையிடியும் நெஞ்சில் சிவப்புப் பொட்டுகளுமாகக் கிடந்தாள் என்றும் நீங்கள்தான் மெல்ல மெல்லச் சொன்னீர்கள். கடைசியில் கையை நீட்டியபோது ஒரு நிபந்தனை வைத்தீர்கள்.

"என்ன வந்துதுன்னு நீயே வந்து சொல்லணும். கடுதாசி கொடுத்து விடப்பிடாது. கேட்டியா மக்கா?"

சரி என்றேன். அது எவ்வளவு பெரிய வாக்கு என்று அப்போது தெரியவில்லை. எங்கள் குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்; எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனியே பூட்டி இருக்கும். முடிவுகள் மொத்தமாக அறிக்கைக்குப் போகும். ஒவ்வொருவருக்கும் போய்ச் சொல்வது எங்கள் திட்டத்திலேயே இல்லை. குழுவின் மருத்துவரிடம் போய் நின்றேன். கேட்கிறவர்களுக்கு அவரவர் முடிவைச் சொல்ல அவர் முறைப்படி அனுமதி வாங்கித் தந்தார். அதற்கே மாதங்கள் ஓடின.

உங்கள் ரத்தத்தில் தடம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டுக்கு வந்தேன். எப்போதோ அந்தக் காய்ச்சல் உங்களுக்கு வந்து போயிருக்கிறது, இனி பயமில்லை என்றேன். நீங்கள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"அப்போ அவளுக்கும் அதுதானா?" என்றீர்கள். உங்கள் குரல் இறங்கிவிட்டது. "லீவு நாளுல கிட்டங்கிக்கு நாந்தானே கூட்டிட்டுப் போவேன். அரிசி பொறுக்க."

வரும் வழியெல்லாம் நான் பயந்த கேள்வி அது. இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்ததும் உண்மை. ஆமாம் என்றால், தொடக்கத்திலேயே கண்டிருந்தால் சாதாரண மாத்திரையில் தீர்ந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

"தெரியாது அக்கா," என்றேன். "இருக்கலாம். வேற காய்ச்சலாவும் இருக்கலாம். அவ ரத்தம் இப்போ யாருகிட்டயும் இல்ல. இனி யாராலயும் சொல்ல முடியாது."

நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்தேன். அடுக்களைக்குள் போனீர்கள். பிறகு இரண்டு தம்ளரில் பால் விடாத கட்டன்சாயாவோடு வந்து எதிரே உட்கார்ந்தீர்கள்.

"தெரியாதுன்னு சொன்ன முதல் ஆளு நீதான். மத்தவங்க எல்லாம் ஒண்ணுமே சொல்லாமலே போயிட்டாவ."

அதற்குப் பிறகு கிட்டங்கிக்குள் பிள்ளைகளை நீங்கள் விடவில்லை. "வெளிய நில்லு பிள்ளே" என்று நீங்கள் போட்ட அதட்டலுக்கு முதலாளியே ஒதுங்கிப் போவார் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த முறை நாங்கள் வந்தபோது பெண்களையெல்லாம் நீங்களே அழைத்து வந்து வரிசையில் நிறுத்தினீர்கள்.

ஒரு மழைக்காலத்தில் உங்களிடமிருந்து போன் வந்தது. கூட வேலை செய்கிறவளின் மகளுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, "எலியும் தெள்ளும் உள்ள இடத்துல வேலை செய்யுதவ வீடு சாரே, அதையும் பாத்து மருந்து கொடுங்க" என்றீர்களாம். டாக்டர் கேள்விமேல் கேள்வி கேட்டுவிட்டு, சோதனை முடிவுக்குக் காத்திராமல் மாத்திரை எழுதியிருக்கிறார். மூன்றாம் நாள் மறுபடியும் பேசினீர்கள்.

"இவளுக்கு அதுதானான்னு இன்னும் தெரியலே மக்கா. ஆனா பிள்ளை எழும்பி இருந்து சோறு திங்குது."

அதைச் சொல்லிவிட்டு நீங்கள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. உங்கள் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அழுகிறீர்களா என்று நான் கேட்கவில்லை.

ஆய்வு முடிந்துவிட்டது, அக்கா. இப்போது ஒரு சின்ன பரிசோதனைக் கூடத்தில் வேலை. சன்னல் வழியாக முடிவுத் தாளை நீட்டினால் என் வேலை முடிந்தது. ஆனால் போன வாரம் ஒரு பெரியவர் தன் பேரனின் தாளை வாங்கி, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டு பெஞ்சிலேயே இருந்தார். எல்லாவற்றிலும் 'இல்லை' என்றுதான் இருந்தது. நான் எழுந்து வெளியே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன காய்ச்சல்னு இதுல தெரியல ஐயா. தெள்ளுக் காய்ச்சலுக்கு இன்னும் ஒரு சோதனை உண்டு, டாக்டர்கிட்ட கேளுங்க," என்று சொல்லித் தாளின் ஓரத்தில் அதன் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சரி மக்கா" என்றார். உடனே எழுந்து போகாமல், இன்னும் கொஞ்ச நேரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.