ஆறாம் வார்த்தையைத் தப்பாகச் சொன்னவள்

அன்பு மகள் ஸ்டெபிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கவில்லை, கேட்டால் பொய் எழுதுவாய். உன் புருஷன் போனை நோண்டுவான் என்றுதான் நீ வேலை செய்யும் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு இதைப் போடுகிறேன்.

போன வாரம் வீடியோவில் நீ அடுப்படிக்குப் போன நேரம் பிரீத்தி என்னிடம், அம்மிச்சி, அப்பா அடிச்சு அம்மா கண்ணு வீங்கிப் போச்சு என்றாள். ஆறு வயசுப் பிள்ளை, பல் விழுந்த சேதி போலச் சொல்கிறாள். உன்னைக் கேட்டால், இயேசுவே பாடுபட்டாரு, இது என் சிலுவைம்மா என்கிறாய். அவன் மேல் கோபம், உன் மேல் கோபம், எல்லாருக்கும் மேலே என் மேல் கோபம். இந்தப் பேச்சை நீ எங்கே படித்தாய் என்று எனக்குத் தெரியாதா. பதினாறு வருஷமாகப் பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தையில் ஆறாவதான முடிந்தது என்பதைப் பேச என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அஞ்சாங்கிளாஸ் படித்தவள் போதகருக்குச் சமமாக நிற்கிறேன் என்று எனக்குத் தலைக்கனம். உசுரு முடியும் மட்டும் பொம்பளை பொறுக்கணும் என்று வருஷா வருஷம் சொன்னேன். முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவள் நீ.

இந்தப் பெரிய வெள்ளிக்கிழமை எழுந்து, இத்தனை வருஷமும் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். இயேசு பாடுகளை மனசார ஏற்று முடித்துவிட்டார், நம் முதுகுக்கென்று மிச்சம் வைக்கவில்லை, ஒருத்தன் பெண்டாட்டியை அடிக்க அது உத்தரவும் இல்லை என்றேன். வெளியே வந்ததும் நம்ம சபை ராஜப்ரியா, அக்கா பிரசங்கம் பண்ணுனீங்களா பஞ்சாயத்துப் பண்ணுனீங்களா என்று நக்கலடித்தாள். பஞ்சாயத்துத்தான், உனக்கும் ஒரு மக இருக்கிறா என்றேன். மறுநாள் தேயிலைக் கொழுந்து எடுக்கையில் வனிதா பக்கத்து நிரையிலிருந்து வந்து, தன் முழங்கைத் தழும்பைக் காட்டிவிட்டுப் போனாள்.

பிதாவின் ராஜ்யத்தில் உங்களோடு உட்கார்ந்து திராட்சரசத்தைப் புதிதாகப் பானம்பண்ணுவேன் என்று சீஷர்களிடம் சொல்லிவிட்டுத்தானே அவர் சாகப் போனார். அந்தப் பந்தியை நம்பித்தான் நான் உயிரோடு இருக்கிறேன். அங்கே யார் கை ஓங்கும் என்று பயந்து பயந்து யாரும் சாப்பிட மாட்டார்கள். உனக்கும் அங்கே இடம் உண்டு, அதற்காக அடிபட்டு எனக்கு முந்திப் போய் உட்காராதே. முதலில் குன்னூருக்கு வா. சபையில் யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு வர அப்பா ஜீப் சொல்லி வைத்திருக்கிறார், நீ வருகிற தேதியை மட்டும் சொல்.

கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் தாய்க்கோழி போலத் தம் செட்டைகளின் கீழ் காப்பாராக. மறந்துவிடாதே, உன் பாஸ்போர்ட்டையும் பிரீத்தி பாஸ்போர்ட்டையும் இன்றைக்கே எடுத்து ஆஸ்பத்திரி லாக்கரில் வைத்துப் பூட்டு.

உன் அம்மா,
ரூத் பாலாமணி