அக்கா, உன் சின்னவளுக்கும் வளையல் போட்டோம்

என்னை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்த என் அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் போலவே பேப்பரில் உன் போட்டோவைப் போட்டு, கீழே எல்லார் பெயரையும் அடிக்கலாம் என்றார் மச்சான். போன வருஷம் அதில் உன் முகமே சரியாக விழவில்லை. யாரோ வயதான டீச்சர் மாதிரி இருந்தாய். வேண்டாம், இந்தத் தடவை நான் அக்காவுக்குக் கடிதம் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன் என்றேன். மனுஷர் மறுபேச்சுப் பேசவில்லை. நீ போனதிலிருந்து அவர் எதற்குமே மறுபேச்சுப் பேசுவதில்லை.

எழுதப்போவது உன் சின்ன மகளைப் பற்றி. அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது சித்தி, பேரை மட்டும் மாத்திரு" என்றாள். செரினா என்ற பெயரை அவளே எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் பெயரையும் மாற்றியிருக்கிறேன். பெயரை மாற்றினாலும் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்களே என்றேன். "கண்டுபிடிக்கட்டுமே" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். அந்த வாய் யாருடையது என்று உனக்குத் தெரியும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகு செரினா தன் கையைத் தானே காயப்படுத்திக்கொண்டிருந்தாள். எங்களுக்குத் தெரிய வெகுநாள் ஆனது. சித்திரை வெயிலில், பாம்பன் புழுக்கத்தில், முழுக்கை வைத்துச் சுடிதார் தைத்துக் கொடு என்று வந்து நின்றாள். நானும் ஃபேஷன் என்று நினைத்து மணிக்கட்டில் பொத்தான் வேறு வைத்துக் கொடுத்தேன். கடைசியில் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் பார்த்துவிட்டு, அவளைத் திட்டாமல், என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தப் புண்ணியவதி நன்றாக இருக்க வேண்டும்.

வீடு ரெண்டுபட்டுப் போனது. செல்போன்தான் காரணம் என்றார் ஒருவர். எவனோ பையன் இருக்கிறான் என்றார் இன்னொருவர். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள், மந்திரிக்கக் கூட்டிப் போகலாம் என்றார்கள். உன் பெரிய நாத்தனார் ரீத்தம்மா மதினி, "தாயில்லாப் புள்ள, என்ன செய்யும்" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதார். செரினாவைக் கேட்டால், "காரணம் ஒண்ணுன்னு சொல்லத் தெரியல சித்தி. எல்லாம் சேந்து உள்ள அடைச்சுக்குது" என்றாள். எனக்கு அந்தப் பதில் போதும். மற்றவர்களுக்குப் போதவில்லை.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு நானும் அவளும் பஸ் ஏறிப் போகிறோம். பாலத்தில் காற்று முகத்தில் அறையும், நான் ஜன்னலை மூடு என்பேன், அவள் மூடமாட்டேன் என்பாள். போகிற வழியெல்லாம் இந்தச் சண்டைதான். அங்கே டாக்டர் பார்த்தார். பிறகு ஆலோசகர் என்று ஒரு பெண், பார்த்தால் கல்லூரிப் பிள்ளை மாதிரி இருக்கும், செரினாவோடு நெடுநேரம் பேசியது. என்னையும் தனியாக உட்காரவைத்துப் பேசியது. இதைப் படிக்கிற வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், தயவுசெய்து முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"அவ நாடகம் போடலம்மா" என்றது அந்தப் பெண். "தாங்க முடியாதத எப்படித் தாங்குறதுன்னு தெரியாம இப்படி ஒரு வழியப் புடிச்சிருக்கா. வேற வழி கத்துக்கலாம், கத்துக்குவா. நாளாகும்."

"நான் என்ன செய்யணும்?"

"நேராவே கேளுங்க, தப்பில்ல. ஆனா போலீஸ் மாதிரி கையப் புடிச்சுச் சோதிக்காதீங்க. திட்டாதீங்க. இனிமே செய்யமாட்டேன்னு சத்தியம் வாங்காதீங்க. அந்த நெனப்பு வரும்போதே, செய்யுறதுக்கு முன்னாடி, அவளா வந்து உங்ககிட்ட சொல்லணும். அதுக்குத்தான் நாம பாடுபடுறோம்."

கேட்க லேசாகத்தான் இருந்தது. ஆனால் நடக்கவில்லை, அக்கா. நின்றுவிட்டது என்று நினைப்போம், ஒருநாள் மறுபடி வந்துவிடும். ஒவ்வொரு முறையும் எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். திட்டாமல் இருக்க நான் பட்ட பாடு மாதாவுக்குத்தான் வெளிச்சம். பயத்தை வெளியே காட்டாமல் "மருந்து போட்டியா" என்று மட்டும் கேட்பேன். இவள் என்றைக்காவது முன்னாலேயே வந்து சொல்வாளா? நான் எழுந்தாலும் படுத்தாலும் இது ஒன்றுதான் மனதில் ஓடியது.

இதற்கு நடுவில் ஒரு நல்ல சேதி. உன் பெரியவள் ஜெனிக்கு ஏழாம் மாதம். மாப்பிள்ளை வீட்டில் வைத்து வளைகாப்பு என்று முடிவானது. உன் இடத்தில் நின்று நான்தான் தட்டுத் தூக்க வேண்டும். அதைப் பற்றி எழுதினால் அழுதுவிடுவேன், எனவே விட்டுவிடுகிறேன்.

நம் வீட்டு வழக்கம்தான் வினையாக வந்தது. மாசமாக இருப்பவளுக்கு அடுக்கி முடித்ததும், மூத்த அத்தை, நம் வீட்டில் அது ரீத்தம்மா மதினி, உட்கார்ந்து, வந்திருக்கிற பெண்கள் எல்லார் கையையும் பிடித்து வளையல் போட்டுவிடுவார். எல்லார் முன்னாலும், கையை நீட்டச் சொல்லி, உருவிவிட்டுப் போடுவார். அந்தக் கூட்டத்தில் செரினா எப்படிக் கையை நீட்டுவாள்?

"புள்ளைக்குப் பரீட்சைன்னு சொல்லிருவோம்டி" என்றார் ரீத்தம்மா மதினி. "ஊருக்கண்ணுல எதுக்குப் படணும்? வீட்லயே இருக்கட்டும்."

நான் பதில் சொல்வதற்குள் செரினா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். "எங்கக்கா வளைகாப்புக்கு நான் போகாம வேற யாரு போவா?" என்றாள். அன்று மாலையே ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்து என் தையல் மிஷின் மேல் போட்டாள்.

"முட்டிக்கை வச்சுத் தை சித்தி."

"முட்டிக்கையா?"

"முழுக்கை போட்டா வளையல எங்க போடுவாங்க?"

அளவு எடுத்தேன். தழும்புகள் ஆறியிருந்தன. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். நான் கையின் சுற்றளவைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத் தோளுக்குப் போய்விட்டேன். அந்த ஆலோசகரிடம் போனில் கேட்டேன், போகலாமா என்று. "அவ போகணும்னு நெனச்சா கூட்டிட்டுப் போங்க. பாதியில கெளம்பணும்னாலும் கெளம்பிருங்க" என்றது.

தங்கச்சிமடத்தில் மாப்பிள்ளை வீட்டுக் கூடம் நிறையப் பெண்கள். செபம் சொல்லி முடித்தார்கள். ஜெனி கன்னத்தில் சந்தனத்தோடு, உன்னைப் போலவே மூக்கு வேர்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அடுக்கி முடிந்ததும் மதினி வளையல் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொருத்தியாக உட்கார்ந்து எழுந்தார்கள். செரினா முறை வந்தது. உட்கார்ந்தாள், கையை நீட்டினாள். சும்மா சொல்லக் கூடாது, ஒரு நடுக்கம் இல்லை. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் தங்கள் பேச்சுக்குத் திரும்பினார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

உடனே மதினி தட்டைத் தள்ளி வைத்தார். தன் கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒரு பொட்டலத்தை எடுத்தார். நீல வளையல்கள். பிளாஸ்டிக்.

"ஒனக்கு இது போதும் தாயி" என்று காதோடு சொன்னார். "கண்ணாடி வேணாம்."

மதினியின் ரகசியம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? கோயில் மைக்கு தோற்றுப்போகும். பார்க்காதவர்களும் இப்போது பார்த்தார்கள், அந்தக் கையை. எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தட்டையே தூக்கி எறிந்திருப்பேன். ஜெனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழப்போனாள். செரினா அவள் முழங்காலில் கையை வைத்து அமுக்கி உட்காரவைத்தாள். பிறகு இன்னொரு கையை அத்தையிடம் நீட்டி, "கலரு நல்லாருக்கு அத்தை, போடுங்க" என்றாள். போட்டுக்கொண்டு எழுந்தாள்.

சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது மதினியை அடுப்படிக்குள் மடக்கினேன்.

"யாரு மதினி ஒங்கள இத வாங்கச் சொன்னா?"

"ஏன்டி கத்துற? நல்லதுக்குத்தானே செஞ்சேன். கண்ணாடியப் போட்டு, ராத்திரி பகல்ல அந்தப் புள்ளைக்குப் புத்தி தடுமாறிருச்சுன்னா?"

"அத அவகிட்ட கேட்டீங்களா? எங்கிட்ட கேட்டீங்களா?"

"ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியக்கூடாதுன்னு, கண்ணாடி மாதிரியே இருக்குற பிளாஸ்டிக்கா வேணும்னு ராமேஸ்வரத்துல கடை கடையா ஏறி எறங்குனேன்டி. கோயில் மேற்கு வாசல்ல ஒரு கடையிலதான் அந்த நீலம் கெடைச்சது." சொல்லும்போதே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "அவமானப்படுத்தவா செய்வேன்? எந்தம்பி மகடி அது."

முழங்கால் வலியோடு கடை கடையாக ஏறியிருக்கிறார். இந்த மனுஷியை என்ன செய்வது? கட்டிப்பிடிப்பதா, கடலில் தள்ளுவதா? நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பாய். நான் தண்ணீர் மோந்து கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் செரினா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவள் உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடவில்லை, அதைக் காது கொடுத்துக் கேட்டேன். எனக்குப் பயமாக இருந்தது, அக்கா. போய்க் கையைப் பிடித்துப் பார்க்கலாமா என்று எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். இப்படியே தவித்துக்கொண்டிருந்தால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவேன் என்று தோன்றியது. மிஷினில் போய் உட்கார்ந்து யாருடையதோ பாவாடைக்கு ஓரம் அடிக்க ஆரம்பித்தேன். கோணல் மாணலாக அடித்தேன். அஞ்சு நிமிஷம் பார்ப்போம், பிறகு போய் நேராகக் கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்திருந்தேன்.

அதற்குள் கதவு திறந்தது.

"சித்தி."

"என்னத்தா?"

"எனக்கு ஒரு மாதிரியா வருது. அந்தப் பழைய மாதிரி." நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னும் ஒண்ணும் பண்ணல. பண்ணக்கூடாதுன்னுதான் இங்கன வந்தேன்."

மிஷினை நிறுத்தினேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மறந்துபோனது. "ஆஸ்பத்திரிக்குப் போவமா? கடக்கரைக்குப் போவமா? அந்தப் பொண்ணுக்குப் போன் போடட்டா?" என்று உளறினேன்.

"வேணாம். இப்பதைக்கு நீ பேசாம எம்பக்கத்துல உக்காரு."

தரையில் உட்கார்ந்தோம். ஒரு வார்த்தை பேசாமல் நான் இருந்தேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அழுதாள். அத்தையைத் திட்டினாள், என்னைத் திட்டினாள், உன்னையும் திட்டினாள், பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாய் என்று. நான் உனக்காகப் பரிந்து பேசவில்லை, மன்னித்துக்கொள். வெளியே வெளிச்சம் இறங்கியது, விளக்கைப் போட எழக்கூட இல்லை. அப்புறம் அவள் உடம்பு தளர்ந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போயிருச்சு சித்தி" என்றாள். "பசிக்குது."

வளைகாப்பு வீட்டில் கொடுத்துவிட்ட புளிச்சோற்றை இரண்டு பேரும் சட்டியிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டோம். பாதியில் நிறுத்தி, "அம்மா இருந்தா என்னைத் திட்டியிருக்குமா?" என்று கேட்டாள்.

"மொதல்ல திட்டியிருப்பா" என்றேன். "அப்புறம் ஒன்னைய விட்டு நகந்திருக்கமாட்டா."

நான் சொன்னது சரிதானே, அக்கா?

மறுநாள் அவளே ஆலோசகருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். நான் அடுப்படியில் நின்று பாத்திரம் தேய்க்கிற மாதிரி ஒட்டுக்கேட்டேன். "சித்தி மூஞ்சியப் பாக்கணுமே, பேயறஞ்ச மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

நல்லாயிட்டா என்று உனக்கு எழுத ஆசைதான். எழுதமாட்டேன். இன்னும் மாதாமாதம் பஸ் ஏறுகிறோம். அந்த நினைப்பு மறுபடி வரும், வந்தால் தோற்றுவிட்டதாக அர்த்தம் இல்லை என்று ஆலோசகர் சொல்லியிருக்கிறார். வரட்டும். எனக்கு முன்பு இருந்த பயம் முழுதாகப் போகவில்லை. ஆனால் அந்த நினைப்பு வந்தால் எங்கே வர வேண்டும் என்று உன் மகளுக்குத் தெரிந்துவிட்டது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவள் வந்து நிற்கும்போது நான் மிஷினை நிறுத்துவேன். தீபாவளித் துணி குவிந்து கிடந்தாலும், கல்யாணப் பெண் ரவிக்கைக்காக வாசலில் நின்று கத்தினாலும், நிறுத்திவிட்டுத் தரையில் போய் உட்காருவேன். வாயைத் திறக்கமாட்டேன்.

உன் பிள்ளைகள் சித்தி என்று கூப்பிடுகிற,
உன் வாயாடித் தங்கச்சி