நாவலடிக் கலிங்கின் சுவரை இடிக்க உலகுடைய நாச்சியார் விடுத்த ஓலை

மழை முறை தவறாது பெய்க! பெய்த மழை ஏரியில் தங்குக! தங்கிய நீர் எவரையும் கொல்லாது வயலுக்குச் செல்க!

வேம்பாற்றின் இரு கரையையும் ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், மேற்குன்றத்துப் பகைவரை முதுகிடச் செய்தவரும், ஏரி வெட்டி நாடு கண்டவர் குலத்தில் வந்தவருமாகிய நெடுங்கோட்டை உலகுடைய நாச்சியார், கீழ்க்கூற்றத்தை நம் பெயரால் ஆண்டுவரும் உடன்பிறந்தான் நீலன் கடம்பதரையன் கண்டு தெளியும்படி விடுக்கும் திருவோலை. இதைத் தண்டநாயகர் மல்லன் தம் கையாலேயே கொணர்வார். செம்மேட்டுக் கோட்டையில் உன் அவையோர் எல்லாரும் கேட்க உரக்க வாசிப்பார். அவர் வாசித்து முடிக்கும் வரை நீ இருக்கையை விட்டு எழுந்து நின்று கேட்கக் கடவாய்.

நலம் வினவித் தொடங்குவது ஓலை முறை. உன் யானைகள் நலமா? குதிரைகள் நலமா? மாளிகையின் மேல் புதிதாக எழுப்பிய நிலாமாடம் நலமா? நாவலடியின் நலத்தை உன்னிடம் கேட்கப் போவதில்லை. அவ்வூரில் பாதிப்பேர் மண்ணுக்குள் கிடக்கிறார்கள். எஞ்சிய பாதிப்பேரின் தலையைக் கேட்டுத்தான் நீ எமக்கு எழுதியிருக்கிறாய்.

உன் ஓலை வந்து சேர்ந்தது. நாவலடியார் கலகம் செய்தனர் என்றும், உன் காவற்படைத் தலைவன் சாத்தன் கொடும்பையை ஏரியின் மிகைநீர் வழியும் கலிங்கின் மேலேயே வெட்டிக் கொன்று அவன் தலையைக் கல்லின் மேல் வைத்தனர் என்றும், பெருநங்கை ஏரியின் கரையைப் பிடித்துக்கொண்டு உன் ஆட்கள் ஒருவரையும் நெருங்க விடவில்லை என்றும், ஆயிரம் குதிரை அனுப்பினால் மழைக்கு முன் அவ்வூரைக் கொளுத்திவிடுவதாகவும் எழுதியிருந்தாய். படித்ததும் எமக்கும் குருதி கொதித்தது. அரச காவலனைக் கொன்றவர்களைக் கழுவேற்றுவது நம் குல வழக்கம். குதிரைகளுக்குச் சேணம் பூட்டச் சொல்லிவிட்டோம்.

சேணம் பூட்டிக்கொண்டிருந்த காலையில் ஒருத்தி கோட்டை வாயிலில் வந்து நின்றாள். பெயர் சேந்தி, நாவலடியாள், நடந்தே வந்தவள். பாதங்கள் வீங்கி வெடித்திருந்தன. வாயிற்காவலர் ஈட்டியைக் குறுக்கே நீட்டியும் அவள் விலகவில்லை. ஈட்டி முனை தோளில் ஏறியும் விலகவில்லை. அவைக்குள் கொணர்ந்தபோது எம்மை வணங்கவும் இல்லை. மடியிலிருந்து ஓர் அம்பு முனையை எடுத்து அரியணைப் படியில் வைத்தாள். அப்போது அவள் சொன்னதை, அவள் வாயில் வந்தபடியே எழுதுவிக்கிறோம்: "இது எம் புருசன் நெஞ்சுல இருந்து நானே புடுங்குனது, தாயி. வெள்ளத்துல செத்தாருன்னு உங்க தம்பி எழுதுனாராமே. வெள்ளம் எங்கயாச்சும் அம்பு விடுமா?"

முனையைக் கையில் எடுத்துப் பார்த்தோம். செம்மேட்டு உலைக்களத்துப் பன்றிக்குறி அதில் இருந்தது. அவள் சொல்லை மட்டும் நம்பி நாம் எழுதவில்லை. நடுவர்களைக் கீழ்க்கூற்றத்துக்கு விடுத்து, உன் காவற்படையில் உயிர் பிழைத்து ஓடி ஒளிந்த வீரரைத் தேடிப் பிடித்து விசாரித்தோம். அறிந்ததை இனி நீயும் உன் அவையோரும் கேளுங்கள்.

மூன்றாண்டு மழை பொய்த்தது. பெருநங்கை ஏரி வறண்டு அதன் நடுவில் மாடு மேய்ந்தது. அந்தப் பஞ்சத்தை நாமும் கண்டோம். ஏரியில் இன்னும் கொஞ்சம் நீர் நிற்காதா என்று நீ ஏங்கியதில் பிழையில்லை. அதற்கு வழி ஊரறிந்ததுதான். வறண்ட கோடையில் ஊர் கூடி வண்டலை வெட்டி, ஏரியை ஆழமாக்குவது. மூன்று கோடை உனக்கு வாய்த்தும் ஒரு கூடை வண்டல் வெளியே வரவில்லை. தூர் எடுக்கச் சோம்பிச் சுவர் எடுத்தாய். மிகுந்த நீர் வழிந்தோடுவதற்கென்றே விட்ட கலிங்கில், மழைக்காலம் முற்றும் கழிந்த பின் மட்டும் கல்தூண்களுக்கு நடுவே பலகை செருகி நீரை உயர்த்துகிற இடத்தில், கருங்கல்லும் சுண்ணமும் வைத்து ஆளுயரம் நிலையாக அடைத்தாய். அதோடாவது நின்றாயா? மலையிலிருந்து பாய்ந்து வரும் நீர் தங்கி வேகம் தணிந்து இறங்கும் கரடிக் குட்டையில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் குதிரைக் கொட்டில் கட்டினாய்.

கலிங்கின் முறை உனக்குத் தெரியாதது அன்று. பலகை அடைக்கும் உரிமை தலைமடை ஊரார்க்கு. பலகை பிடுங்கும் உரிமை கடைமடையான நாவலடியார்க்கு. கரை உடைந்தால் முதலில் சாகப்போகிறவன் கையில்தான் திறப்பு இருக்க வேண்டும் என்று நம் முப்பாட்டனார் வகுத்தது அது. நாவலடியார் பறை கொட்டிக்கொண்டு கலிங்குக்கு வந்தால், அங்கே அரசனே நின்றாலும் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஏன் என்று கேட்கவும் கூடாது. நீயோ, இனி உன் இலச்சினை பெற்று வருபவரே கலிங்கைத் தொடலாம் என்று ஆணையிட்டு, சாத்தனையும் வில்லாளரையும் அங்கே நிறுத்தினாய். தலைமடை ஊரார் வந்து முறையிட்டதற்கு, நாவலடியார் நல்ல நீரை வீணே கடலுக்கு விடுகிறார்கள் என்று சொல்லி அனுப்பினாயாம்.

மழை மார்கழியில் வந்தது. நம் பாட்டனார் காலத்தில் அது ஐப்பசியில் தொடங்கிக் கார்த்திகையோடு விடைபெறும். மார்கழியில் பனி மட்டுமே. இப்போதைய மழைக்கு அந்த ஒழுங்கு இல்லை. வராமலே இருந்து கொல்கிறது. வந்தால் ஒரு பருவத்து நீரைச் சில நாளில் கொட்டிக் கொல்கிறது. வடகூற்றத்தாரும் கடலோரத்தாரும் இதையே எழுதுகிறார்கள். வானம் மாறிவிட்டது என்று பறவைக்கும் தெரிந்திருக்கிறது, உனக்குத்தான் தெரியவில்லை.

ஒரு காலையில் நீர் கரையின் தலைக்கு ஒரு சாண் தாழ நின்றது. நாவலடியார் பறை கொட்டி வந்தனர். ஆணும் பெண்ணுமாக வந்தனர். கையில் கடப்பாரையும் மண்வெட்டியும் அன்றி ஒருவரிடமும் வாள் இல்லை. சாத்தன் இலச்சினை எங்கே என்று கேட்டான். உயிர் போகிற நேரத்தில் இலச்சினைக்கு எங்கே போவது என்று சொல்லி, சேந்தியின் கணவன் எயினன் சுவரில் ஏறி முதல் கல்லைப் பெயர்த்தான். எய்க என்றான் சாத்தன். நெஞ்சில் அம்போடு எயினன் இன்னொரு கல்லையும் பெயர்த்துவிட்டே விழுந்தானாம். பின்னால் வந்தவர்களுக்கு ஓட இடமில்லை; ஒருபுறம் ஏரி, மறுபுறம் பள்ளம். உன் வீரர் ஈட்டியால் குத்தித் தள்ளினர். நீரில் விழுந்தவர்கள் மேலே வரச் சுவரைப் பற்றினார்கள்; பற்றிய கைகளை வெட்டினர். துண்டித்த விரல்கள் சுண்ணத்தின் மேல் கிடந்தன என்று உன் வீரன் ஒருவன் நடுவர் முன் சொன்னான். குத்திய ஈட்டியை உருவும் முன்னே காலின் கீழ் கரை நடுங்கியது என்றும் அவனே சொன்னான்.

மதகின் அருகே கரை பிளந்தது. கொன்றவர்களையும் செத்தவர்களையும் ஒன்றாக வாரிக்கொண்டு ஏரி முழுதும் நாவலடியின் மேல் இறங்கியது. ஊரில் இருந்தவர்கள் நடக்க இயலாத முதியவர்களும், தொட்டிலில் கிடந்த பிள்ளைகளும், பிள்ளை பெற்ற ஈரம் உலராத பெண்களும். கட்டுத்தறியை அறுக்க முடியாத மாடுகள் நின்றபடியே மூழ்கின. நீர் வடிந்தபின் பனைமரங்களின் மட்டையில் பிணங்கள் தொங்கின. ஏறி இறக்க ஆளில்லாமல் அவற்றைக் காக்கைகள் கொத்தின. சேந்தியின் இரண்டு பெண்மக்களை அவள் இன்றுவரை காணவில்லை.

இவ்வளவுக்கும் பின் நீ எமக்கு முதல் ஓலையில் எழுதி அனுப்பியது, மழை மிகுந்து கரை உடைந்தது, தெய்வச் செயல், என்பதுதான். தெய்வமா சுவர் வைத்தது? தெய்வமா குட்டையைத் தூர்த்தது? மழைக்கு வாயில்லை என்பதால் பழியை அதன்மேல் போட்டாய். நாமும் அதை நம்பி, இறந்தோர்க்கு நீர்க்கடன் செய்யப் பொன் அனுப்பினோம்.

உடைந்த கரையைப் பிழைத்தவர்களையே சாட்டையால் அடித்துக் கட்டுவித்தாய். கட்டிய கரையில் மண் இறுகும் முன்னே கலிங்கின் சுவரை இன்னும் ஒரு முழம் உயர்த்தச் சொன்னாய். சுவரை இடித்தாலன்றி மண் சுமக்க மாட்டோம் என்று நாவலடியார் கூடையைக் கீழே வைத்தனர். வெள்ளத்தில் தப்பியிருந்த சாத்தன் ஒரு கிழவனின் தலையைச் சுவரில் மோதி உடைத்தான். அதன் பிறகு அவர்கள் செய்ததைத்தான் நீ கலகம் என்று எழுதினாய். அது கொலையா என்று நடுவர்களைக் கேட்டோம். கலிங்கில் நாவலடியாரைத் தடுத்தவன் எவனாயினும் அவன் உயிர் போனால் கேள்வி இல்லை என்பது முப்பாட்டனார் வைத்த சொல் என்று அவர்கள் உரைத்தனர். ஆதலால் நாவலடியார் குற்றமற்றவர். இதை உன் அவையில் மல்லன் மும்முறை வாசிப்பார்.

குற்றமுடையவன் நீ. உன் தலையை உப்பிட்ட பானையில் வைத்து அனுப்புக என்று மல்லனுக்கு ஓலை எழுதி முடித்து, சேந்தியை அழைத்து வாசித்துக் காட்டினோம். அவள் மகிழ்வாள் என்று எண்ணினோம். "தலைய வச்சு நாங்க என்னத்தப் பண்ண, தாயி? எங்க வீட்டுக்கும் கீழ, கடைசி வாய்க்காலோரமா அவரு வீட்டக் கட்டச் சொல்லுங்க. பொண்டாட்டி புள்ளையோட அங்கனயே படுக்கச் சொல்லுங்க. பொறவு மழை வரட்டும்" என்றாள். எழுதிய ஓலையை நாமே இரண்டாக முறித்தோம்.

எனவே ஆணை இது. இந்த நொடி முதல் கீழ்க்கூற்றம் உனக்கு இல்லை. செம்மேட்டுக் கோட்டையின் திறவுகோலை மல்லனிடம் கொடு. நீ கேட்ட குதிரைகள் வரவில்லை. அவற்றின் மேல் ஏற இருந்த வீரர்கள் மண்வெட்டியோடு கால்நடையாக வந்திருக்கிறார்கள். அவர்கள் உன் மாளிகையைப் பிரித்து அதன் கற்களால் மதகையும் கரையின் உட்புறத்தையும் கட்டுவார்கள். கொட்டில் இடிபட்டுக் கரடிக் குட்டை பழைய ஆழத்துக்குத் தோண்டப்படும். இனி ஏரி வறளும் ஒவ்வொரு கோடையிலும், அரண்மனை வீரர் முதலாக எல்லாரும் நாவலடியாரோடு சேர்ந்து வண்டல் எடுக்க வேண்டும். நீரைக் கூட்ட விரும்புபவன் ஏரியைத் தோண்டலாம், கலிங்கை உயர்த்தக் கூடாது. பலகை அடைக்கும் நாளைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறிக்கும் வழக்கம் ஒழிந்தது. மலையில் மேகம் முற்றும் வெளுத்தது என்று கரடிக் குட்டையில் இனி நாம் நிறுத்தும் காவலர் தலைமடைக்குச் சொல்லி, நாவலடியாரும் தலையசைத்த பின்னரே அடைக்க வேண்டும். திறப்பு முன்போல் அவர்களுடையது. தடுப்பவன் நம் இலச்சினையையே காட்டினாலும் அவனை வெட்டலாம்.

உனக்கும் உன் மனைவிக்கும் மக்களுக்கும் நாவலடியின் கடைசி வாய்க்காலோரம் மண்சுவர் வீடு. நெடுங்கோட்டைக்கு அடுத்து முடி சூட வேண்டிய உன் மூத்த மகளும் அங்கேயே உறங்குவாள். இக்குலத்தில் இனி அரியணை ஏறுபவர் யாராயினும் ஒரு மழைக்காலம் அவ்வீட்டில் கழித்தே ஏற வேண்டும்.

நீலா, நம் தாய் இறந்த நாளில் உன்னை இடுப்பில் சுமந்து ஊட்டியவள் நான். இதைச் சொல்லச் சொல்லக் கண் நிறைகிறது. எழுதுபவர் எழுத்தாணியை நிறுத்தி, நாளை எழுதலாமா என்று கேட்டார். எழுதும் என்றேன். உன்னை வெறுக்க முயன்று பார்த்தேன், முடியவில்லை. ஆனால் சேந்தியின் முகத்தைப் பார்த்த பின் உன்னைக் காக்கவும் மனம் வரவில்லை.

சுவர் இன்னும் நிற்கிறது. கரையின் மண் இன்னும் பச்சையாக இருக்கிறது. மழை எந்நாளும் தொடங்கலாம். ஆதலால் சுவரை நாளைக் காலையே இடிக்க வேண்டும். கவசமின்றி, வாளின்றி, காவலின்றி, நாவலடியார் நடுவே நின்று நீயும் இடிக்க வேண்டும். அவர்களில் ஒருவர் கையிலுள்ள கருவியைச் சுவரை விட்டு உன்மேல் ஓங்கினால், ஓரடியும் முன்வைக்கக் கூடாது என்று மல்லனுக்கும் அவர் வீரர்க்கும் நம் வாயாலேயே சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

இது உலகுடைய நாச்சியார் சொல். நம் விரலாழி பதித்த அரக்கு இதன் சாட்சி. மலையும் மடையும் உள்ளளவும் மாறாது. வாசிப்பு முடிந்தது. நீலன் கடம்பதரையன் இங்கிருந்து வீட்டுக்குள் செல்லாமல் நேரே நாவலடிக்கு நடக்கக் கடவன்.