வயிறு ஆற ஆறு வாரம்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. ஆபரேஷன் ஆகி இருபதாம் நாள். 9 கிலோ குறைவு.

வெளியே ஐந்து ஓட்டை. ஐந்தும் ஆறிவிட்டன. உள்ளே? வயிற்றில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடியிருக்கிறார்கள். அது ஆற ஆறு வாரமாம். ஆறுகிறது என்று எப்படித் தெரியும் என்று டாக்டரிடம் கேட்டேன். ஆறாவிட்டால் தெரியும் என்றார். இது ஒரு பதிலா?

இன்று: வடிகட்டிய கஞ்சி, பருப்புத் தண்ணீர், மோர். அதுவும் மருந்து மாதிரி வாய் வாயாக.

நவ. 6, வியாழன்

பதினொரு மணிக்கு வயிறு உறுமியது. பசியா? போனில் டயட்டீஷியன் பெண் அது பசி இல்லை, ஆசிட் என்றாள். அப்படியானால் இத்தனை வருஷம் நான் எதற்குச் சோறு போட்டேன்?

ஞாயிறு நாத்தனார் மகள் நிக்காஹ். போகாமல் தீராது. வீட்டில் மாமியாரிடம் பித்தப்பைக் கல் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். ஷார்ஜாவில் இருந்தபடி இவர் கொடுத்த யோசனை. உடம்பு இளைக்க வயிற்றையா வெட்டுவாள் ஒருத்தி என்று மாமி கேட்டுவிடுவாரோ என்று எங்கள் இரண்டு பேருக்கும் பயம்.

கல்யாணச் சாப்பாடு சஹனில். பெரிய தட்டு ஒன்று, சுற்றி நாலு பேர். யார் பக்கம் சோறு குறையவில்லை என்று தட்டே காட்டிக்கொடுத்துவிடும்.

திட்டம்: பிசைந்துகொண்டே இருப்பது. பேச்சுக் கொடுப்பது.

நவ. 9, ஞாயிறு

மண்டப வாசலில் முழங்கால் தண்ணீர். எங்கள் சஹனில் நான், மாமி, திருப்பட்டினத்துச் சொந்தக்காரப் பெண்கள் இருவர்.

பிசைந்தேன், பிசைந்தேன். மாமி பார்த்துவிட்டார். கறியைப் பிய்த்துப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். "ஆபரேஷன் பண்ண உடம்பு புள்ள. கறி சாப்புட்டாத்தான் தெம்பு வரும்." அந்தக் கையை எப்படித் தட்டுவது? ஒரே ஒரு துண்டு. சரியாக மென்றேனா, நினைவில்லை.

நெஞ்சுக்கு நடுவே நின்றுவிட்டது. எச்சில்கூட இறங்கவில்லை. பாத்ரூமுக்கு ஓடினேன். கொஞ்சம் வெளியே வந்தது. எல்லாம் வந்ததா?

நவ. 10, திங்கள்

இடது தோளில் வலி. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில்: காய்ச்சல், நாடி வேகம், இடது தோள் வலி இருந்தால் உடனே வரவும். காய்ச்சல் இல்லை. நாடி 96. மறுபடி பிடித்தால் 110. பயத்தில் ஏறுகிறதா, உள்ளே பின் பிரிந்துவிட்டதா? சின்ன மகனைத் தூக்கினதால் தோள் வலியா? நேற்று அவனைத் தூக்கினேனா?

இவர் போனை எடுக்கவில்லை. செத்துப்போவேன் என்றே நினைத்தேன். மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமி புர்காவைப் போட்டுக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டார். வழியெல்லாம் என் கையை விடவில்லை. கோபமா, பயமா, புரியவில்லை.

நவ. 11, செவ்வாய்

ஸ்கேனில் கசிவு இல்லை. அல்ஹம்துலில்லாஹ். கறி நின்ற இடத்தில் வீக்கம் மட்டும். மூன்று நாள் வெறும் தண்ணீர் ஆகாரம். நர்ஸ் போன பிறகு அழுதேன்.

மாமி கட்டில் ஓரத்தில். நேற்றிலிருந்து இப்போதுதான் வாய் திறந்தார். "என் கையாலயே கொடுத்துட்டேனே. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில்:

"வெட்டி எடுத்தத அடக்கம் பண்ணுனாங்களா புள்ள?"

வெட்டிய நகத்தைக்கூட மண்ணில் புதைக்கிறவர் மாமி.

தெரியல மாமி என்றேன். இருபத்தேழு நாளாக மீதிக் கால் பாகத்தையே கவனித்துக்கொண்டிருக்கிறேன். போனது எங்கே போனது என்று யாரிடமும் கேட்கவே இல்லை.