சாமான் அறைக்கு ஒரு மேசை

அன்புள்ள வாயாடிக்கு,

இவ்வளவு நாள் நீ அந்த வீட்டில் பேசாமல் இருந்தது போதும். நீ நலமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் ஒவ்வொரு கடிதத்தையும் தொடங்குவேன். இந்த முறை அந்த நம்பிக்கை இல்லை, அதனால் கேட்கிறேன், நலமா? இங்கே நாங்கள் நலம், உன் அம்மாவின் முழங்கால் வலி மட்டும் என் கோபத்தைப் போலக் குறைவதாக இல்லை. போன வாரம் மாப்பிள்ளை தொலைபேசியில் பேசினார். நீ வீட்டிலிருந்து வேலை பார்க்க, ஹாலில் சமையலறை வாசலை ஒட்டி, ஒரு மடக்கு மேசை வேண்டுமாம், நான் வரைந்து தர வேண்டுமாம். "அவ எழுந்ததும் மடக்கி வச்சிடலாம் மாமா, இடத்தை அடைக்காது" என்றார். பின்னாலிருந்து உன் மாமியார், "வீட்ல உக்காந்து பண்றதுதானே, அடுப்பையும் ஒரு கண்ணு பாத்துக்கலாம்" என்றது எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னது. பெண் பார்க்க வந்த அன்று, மேசை நாற்காலி வரைவதுதான் என் தொழில் என்று கேட்டு, "பெஞ்சு போடவும் படிப்பா?" என்று சிரித்த அதே வாய். மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. அதைக்கூட விழுங்கியிருப்பேன். "போகட்டும்மா, வேலையையே விட்டுடறேன், ரோதனை மிச்சம்" என்று உன் அம்மாவிடம் சொன்னாயாமே, அதுதான் தொண்டையில் நிற்கிறது.

மடக்கு மேசை எத்தனையோ வரைந்தவன் நான். உனக்கு வரையமாட்டேன். மடக்குகிற மேசையில் உட்கார்ந்தவளை எழுப்பிவிடுவது சுலபம். உங்கள் வீட்டுச் சாமான் அறையில் ஓடாத மின்விசிறியும் காலிப் பெட்டிகளும் குடியிருக்கின்றனவே, அதற்குத்தான் வரைந்திருக்கிறேன். போன தடவை வந்தபோதே அளந்துவிட்டேன். நான் குளியலறையைத் தேடுவதாக மாப்பிள்ளை நினைத்தார். அறை ஐந்தடிக்கு நாலடி, தாராளம். பலகை சுவருக்குச் சுவர், இரும்புத் தாங்கியில் நிற்கும், கால் கிடையாது, நீ காலை நீட்டலாம். ஆழம் இருபது அங்குலம் போதும். சன்னல் இடப்பக்கம் வரும், திரையில் வெளிச்சம் அடிக்காது. கதவு நாற்காலியில் இடிக்கும், கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கச் செய். உள்ளே ஒரு தாழ்ப்பாள். "அதை முதல்ல உங்க வாய்க்குப் போடுங்க" என்கிறாள் உன் அம்மா. எல்லாம் சுவரோடு திருகியது. யாரும் தூக்கி ஓரமாக வைத்துவிட முடியாது.

துளை போடும்போது சுவிட்சுக்கு நேர் மேலே வேண்டாம், ஒயர் ஓடும். வேளைக்குச் சாப்பிடு. நூறு வருஷம் நிமிர்ந்து உட்கார்ந்திரு.

வரைபடத்தின் மூலையில் வழக்கமாகக் கையெழுத்துப் போடுவேன். போட்டால், "ஓ, உங்கப்பா உத்தரவா?" என்பார்; சண்டை மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் என்றாகி, உன் அறை நடுவில் காணாமல் போகும். அறையைக் கேட்க வேண்டியவள் நீ. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு, வரைபடத்தை உன்னுடையதாகத் தச்சரிடம் கொடு. இரண்டிலும் கையெழுத்துப் போடாமலேதான் தபாலில் சேர்க்கப்போகிறேன்.