பதிவேட்டில் ஜெர்சி

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் உங்கள் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பசை இன்னும் காயவில்லை. 'வாயில்லா ஜீவன்களின் தோழர்' என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். என் கிடாரி முதல் தடவையாகப் பருவத்துக்கு வந்திருந்தது. மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனேன். அங்கே சினை ஊசி போடுகிறவர் நீங்கள். கிடாரி அதன் தாயைப் போலவே குட்டை, இடுப்பு ஒடுக்கம். முதல் கன்று ஈனும் தலையீத்துக்குச் சிறிய சாதியான ஜெர்சிதான் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை உங்களிடம் சொன்னேன்.

"எனக்கே சொல்லிக் குடுக்கியா? வாலப் பிடி" என்றீர்கள். அட்டையில் ஜெர்சி என்று எழுதித் தந்தீர்கள். நம்பினேன்.

ஈனுகிற நாளில் குளம்பு இரண்டும் வெளியே வந்தன, தலை வரவில்லை. நீங்கள் வந்து கயிறு கட்டி நாலு ஆட்களை வைத்து இழுத்தீர்கள். கன்று செத்தே விழுந்தது. அவ்வளவு பெரிய கன்றை நான் பார்த்ததில்லை. கிடாரியால் எழுந்திருக்க முடியவில்லை.

"தாயும் குட்டை, மவளும் குட்டை. வம்சம் அப்படி. நான் என்ன செய்ய?" என்று கையைக் கழுவினீர்கள்.

ஜெர்சிக் கன்று என்றால் செவலையாக இருக்கும்; இது கறுப்பும் வெள்ளையுமாக இருந்தது. அதை வண்டியில் ஏற்றி டாக்டர் முன்னால் கொண்டுபோய் இறக்கினேன். அவர் உங்களைக் கூப்பிட்டு நிறுத்திப் பதிவேட்டைப் பிரித்தார். அதிலும் ஜெர்சிதான்.

"இது பிரீசியன் கன்னுல்லா? என்ன வே போட்டீரு?"

"ஜெர்சி தீந்துபோச்சு சார். பெரிய சாதி போட்டா பால் கூடுமேன்னு..."

மறுநாள் என் வீட்டுக்கு வந்தீர்கள். "ஒரு மாட்டுக்காக மனுசன் பொழப்பக் கெடுக்காத, மக்கா" என்று கெஞ்சினீர்கள். தொழுவில் எழ முடியாமல் கிடக்கிற கிடாரியை வந்து பாருங்கள் என்றேன். பார்க்காமலே போனீர்கள். நான் புகார் எழுதிக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் கிடாரி செத்தது. உங்களைப் புளியங்குடிக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான்.

அதன் தங்கச்சிக்கு ஜெர்சியே போட வைத்தேன். சுகமாக ஈன்றது. அதற்குப் பிறந்த கிடாரிக் கன்று வளர்ந்து ஈன்றபோது தாயைவிட இரண்டு பங்கு பால். சீம்பால் கறக்கும்போதும் உங்களைத் திட்டிக்கொண்டுதான் கறந்தேன்.

செத்தவரை ஏசக் கூடாது என்பார்கள். எனக்கு அந்த மனசு வரவில்லை. இன்றும் தலையீத்துக் கிடாரியோடு யார் வந்தாலும், ஊசிக் குழலில் எந்தக் காளை என்று எழுதியிருக்கும், அதை நீயே படித்துப் பார்த்துவிட்டு வாலைப் பிடி என்கிறேன். ஏன் என்று கேட்டால் உங்கள் பெயரைச் சொல்கிறேன். இனிமேலும் சொல்வேன்.