அவர் வெட்டிய உராய்வு

என் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் படி ஏற மாட்டேன் என்கிறது. உன் அறை ஹீட்டர் சரியாகிவிட்டதா, நன்றாகத் தூங்குகிறாயா என்று எழுது. உங்கள் துறைத் தலைவரோடு மல்லுக்கு நிற்காதே அம்மா, ஓய்வு பெறப்போகிற மனுஷர், விட்டுவிடு என்று போன தடவை எழுதியிருந்தாய். நான் விடவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீ உலோகவியல் படித்தவள், அணுக்கரு சமாச்சாரம் உனக்குப் புதிது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். இரண்டு அணுக்கருக்களை வேகமாக மோதவிட்டால் ஒட்டிக்கொண்டு ஒரே கருவாகும், ஆனால் கொதித்துக்கொண்டிருக்கும். பிறகு ஒன்று, நியூட்ரான்களைத் துப்பித் துப்பி ஆறிப் பிழைத்துக்கொள்ளும், இல்லையென்றால் நீண்டு இடுப்பு சிறுத்து இரண்டாக உடையும். எது நடக்கும் என்று கணினியில் போட்டுப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. உள்ளே உராய்வு இருக்கிறது, கரு தேன் மாதிரி மெதுவாகத்தான் நீளும், உடைவதற்குள் நிறைய நியூட்ரான் வெளியே வந்துவிடும் என்று நீ பள்ளிக்கூடம் போன காலத்திலேயே எழுதிக் கொடுத்தேன். துறைத் தலைவர், "இதெல்லாம் உங்க கற்பனை மேடம்" என்று உராய்வை வெட்டி எறிந்தார், கூடவே என் பெயரையும் வெட்டிவிட்டு மிச்சத்தைத் தன் மாடல் என்று அச்சேற்றினார். அதற்குப் பரிசு வாங்கி வந்த அன்று எனக்கே இனிப்பு நீட்டினார், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கித் தின்றேன்.

போன வாரம் கருத்தரங்கு. புதிதாகச் சேர்ந்த சோதனைக்கூடப் பெண் அளந்த நியூட்ரான்கள் அவர் கணக்கைப் போல இரண்டு மடங்கு. அவர் மேடையிலிருந்தே, "கருவிய ஒழுங்கா பாத்தீங்களாம்மா?" என்று கேட்க, அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போயிற்று. எனக்கு அது போதும், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினேன். அவர் என் காதோரம் குனிந்து, "உங்க பொண்ணு கேட்ட சிபாரிசுக் கடிதம் இன்னும் கையெழுத்துப் போடாம என் மேஜைலதான் இருக்கு, போய் உக்காருங்க" என்றார். "அது அங்கயே இருக்கட்டும் சார்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, அவர் மாடலைத் திரையில் ஓடவிட்டேன். கோடு அந்தப் பெண் அளந்து குறித்த புள்ளிகளுக்குக் கீழே எங்கேயோ கிடந்தது. பிறகு, "முதல்ல இது உள்ளேதான் இருந்தது" என்று சொல்லி உராய்வைச் சேர்த்து ஓடவிட்டேன், கோடு எழும்பி அந்தப் பெண்ணின் புள்ளிகள் மேலேயே போய் உட்கார்ந்தது. பின்வரிசையில் யாரோ, "அப்ப இத வெட்டினது யாரு?" என்று கேட்டார்கள். நான் அவரைப் பார்த்தேன், அவ்வளவுதான். அரங்கமே அவரைப் பார்த்தது.

அப்புறம் வராந்தாவில் பின்னாலேயே வந்து, "நாம ரெண்டு பேரும் சேர்ந்து கட்டுரை எழுதலாமே" என்றார், குரல் இறங்கியிருந்தது, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். பாவம் என்று ஒரு நொடி தோன்றியது, போய்விட்டது. "அந்தப் பொண்ணும் நானும் எழுதுறோம் சார், கடைசியில உங்களுக்கு நன்றி போடுறேன், உராய்வை நீக்கினவர்னு" என்றேன். போடத்தான் போகிறேன். அப்பா கேட்டுவிட்டு இது கொஞ்சம் ஓவர் என்றார், அப்புறம் சமையலறையில் தனியாகச் சிரிப்பது எனக்குக் கேட்டது.

அவர் சிபாரிசு உனக்கு இனி வராது. உன்னைக் கேட்காமல் செய்தேன், திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். உன் பேராசிரியை அம்மாளிடம் இன்றே வேறு கடிதம் கேள். எதை அச்சுக்கு அனுப்பினாலும் உன் பெயர் இருக்கிறதா என்று நீயே பார். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ வேண்டுமானால் அவரை மன்னித்துக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்கு இப்போதுதான் நன்றாகப் பசி எடுக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் மன்னிக்காமல் இப்படியே இருந்துகொள்கிறேன்.

நீ நினைத்ததெல்லாம் நடந்து நன்றாக இருக்க வேண்டும்.

உன் பிடிவாதக்கார
அம்மா